வாய்தா நாட்களில் காமிக்ஸ் படித்தவர்

எங்கள் வீட்டு வழக்குக்காகச் சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு நடையாய் நடந்த காலத்தில் அந்தப் பெண்மணியைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். சாயம்போன காட்டன் சேலை, ஒரு பக்கமாகத் தேய்ந்த செருப்பு. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்ததும் பையிலிருந்து பழைய கடற்போர் நாவலோ விண்வெளி காமிக்ஸோ எடுத்துவிடுவார். சண்டை வரும் பக்கங்களில் அவர் உதடு லேசாக அசையும்.

"புது காமிக்ஸாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எத்தினியோ வாட்டி படிச்சதுதாம்மா. ராக்கெட்டு நல்லபடியா எறங்கிடும்னு தெரியும். இங்க குந்திக்கினு முடிவு தெரியாத கதையெல்லாம் படிக்கத் தெம்பு இல்ல."

அப்போது உள்ளே அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். காமிக்ஸை என்னிடம் தந்துவிட்டுப் போனார். பிரித்தேன். மஞ்சளேறிய தாளில், விண்கல் மழைக்கு நடுவே ஒரு ராக்கெட் சீறிக்கொண்டிருந்தது. படிக்கப் படிக்க, எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதே மறந்துபோனது.

திரும்பி வந்தவர், "மறுபடி வாய்தா" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். புத்தகத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"கண்ணெல்லாம் எரியுதும்மா. நீ படி, நான் கேக்கறேன்."

சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தேன். வக்கீல்கள் திரும்பிப் பார்த்தார்கள். ராக்கெட் இறங்கும்வரை நான் நிறுத்தவில்லை.