எனக்கு ஒதுக்கிய எமகண்டம்

அண்ணனும் அண்ணியும் ஒன்றாக என் கடைக்கு வந்தால் ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று அர்த்தம். நலம் விசாரிக்க வருகிற வழக்கம் அவர்களிடம் இல்லை.

வில்லியனூர் கடைத்தெருவில் நான் ஒரு ஆன்லைன் சென்டர் வைத்திருக்கிறேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், லேமினேஷன், அவ்வளவுதான். கரண்ட் பில், ஆதார் திருத்தம், ரயில் டிக்கெட் என்று நாளெல்லாம் ஆள் வரும். கல்யாணத்தைப் பதிவு செய்ய வருகிறவர்களும் உண்டு. புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் என் எதிரில் உட்கார்ந்துதான் விவரம் சொல்வார்கள். தாலியறுத்தவள் முகத்தில் விழித்துவிட்டோமே என்று ஒருவரும் இதுவரை எழுந்து ஓடியதில்லை. அந்த வித்தை என் சொந்தக்காரர்களுக்குத்தான் தெரியும்.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தது பாகூரில், அண்ணனுடைய கரும்புக் கொல்லையில். கரும்பு வெட்டு நடந்த அன்று உதவிக்குப் போனவர், நின்றுகொண்டிருந்தபோதே விழுந்தார். மாரடைப்பு. அதற்குப் பிறகு அண்ணன் வீட்டில் நான் நிற்கும் இடம் மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்தது. யாரும் என்னை வராதே என்று சொன்னதில்லை. அப்படிச் சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன். போன வருடம் அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது. கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான். "நீ பின்னால பாத்துக்கம்மா" என்றாள் அண்ணி. பின்னால் என்றால் மண்டபத்துக்குப் பின்னால், இலை நறுக்குகிற இடம். மேளச் சத்தம் உச்சத்துக்குப் போனதை வைத்துத்தான் தாலி கட்டுகிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அண்ணியின் பேரில் நான் வைத்த வன்மம் சாதாரணமானது இல்லை. அவள் கட்டியிருந்த பட்டுப்புடவையின் கலர்கூட எனக்கு இன்னும் பிடிக்காது.

அண்ணனின் மகன் கனடாவில் இருக்கிறான். அந்த அறுபதாம் கல்யாணத்துக்கு லீவு கிடைக்காமல் போனதற்குப் பரிகாரமாக, சென்னையிலிருந்து விசாகப்பட்டினம் போய்த் திரும்புகிற சொகுசுக் கப்பலில் டிக்கெட் போட்டுவிட்டான். அப்பா அம்மாவுக்கு ஓர் அறை, எனக்கு ஓர் அறை. பள்ளிக்கூடம் படித்த காலத்தில் பாதி நாள் என் வீட்டில் சோறு தின்றவன். "அத்த வராம நீங்க போவக்கூடாது" என்று போனில் சொல்லிவிட்டான். அதனால் என்னை விட்டுவிட்டுப் போக அவர்களுக்கு வழியில்லாமல் போயிற்று.

கப்பலுக்கு முன்கூட்டியே ஆன்லைனில் செக்-இன் செய்யவேண்டும். துறைமுகத்துக்கு எத்தனை மணிக்கு வருகிறோம் என்று நாமே ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியாக. அந்த வேலைக்குத்தான் அன்றைக்கு இருவரும் வந்தார்கள்.

அண்ணி என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அண்ணன் உள்ளே வரவில்லை. பைக்கின்மேல் சாய்ந்துகொண்டு எதிர்க் கடையின் போர்டை வாசித்துக்கொண்டிருந்தார். உரக் கடை போர்டில் அவ்வளவு நேரம் வாசிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. அண்ணி கைப்பையைத் திறந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். தினசரி காலண்டரிலிருந்து, இன்னும் வராத வெள்ளிக்கிழமையை மட்டும் கிழித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"ராகு காலம் பத்தரைலேர்ந்து பன்னெண்டு. அது வாணாம். பன்னெண்டரைக்கு இருக்குதா பாரு."

"இருக்குது."

"அத எங்க ரெண்டு பேருக்கும் போடு."

போட்டேன். அடுத்து என் அறைக்கும் அதே நேரத்தை எடுக்கப்போனேன். அண்ணி என் மணிக்கட்டைத் தொட்டாள். அழுத்தவில்லை, லேசாகத்தான் தொட்டாள்.

"உனக்கு அது வாணாம். கடசி நேரம் இன்னா இருக்குது?"

"மூணு மணி. ஏன் அண்ணி, ஒரே வண்டியிலதான போறோம்?"

"வண்டியில பொட்டிங்கல்லாம் இருக்குது, எடம் பத்தாது. நீ எதுக்கு காலையிலயே கெளம்பி அவஸ்தப்படற. பொறுமையா பஸ்ல வா. மூணே போடு."

அந்தக் காலண்டர் தாள் மேஜைமேல்தான் கிடந்தது. எனக்கும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். எமகண்டம், மூன்று முதல் நான்கரை. ராகுவிடமிருந்து தங்கள் இருவரையும் பத்திரமாக ஒதுக்கிவைத்துவிட்டு, என்னை எமனுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். புருஷனைக் கொடுத்தவள்தானே, அவளுக்கும் எமனுக்கும் பழக்கம் இருக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ.

வாசலைப் பார்த்தேன். அண்ணன் திரும்பவில்லை. மனுஷன் பெண்டாட்டி வாயைத் திறந்தால் காது கேட்காத ஜாதி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன். மூன்று மணியை என் கையாலேயே அழுத்தினேன். பிரிண்ட் எடுத்து மூன்று பேருடையதையும் ஒரே கவரில் போடப்போனபோது, "உன்னுத தனியா வச்சிக்க" என்றாள் அண்ணி. காகிதம்கூடத் தொட்டுக்கொள்ளக் கூடாதாம். அன்றைக்கு அவளை வாசலோடு அனுப்பியிருக்க வேண்டும். நான் கவரை எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக என் நேரத்தை மாற்ற உட்கார்ந்தேன். அதற்குள் பன்னிரண்டரை நிரம்பிவிட்டிருந்தது. ஒரு மணியும் இல்லை. ஒன்றரையில் ஒட்டிக்கொண்டிருந்தது ஏதோ கொஞ்சம். பதினொரு மணி மட்டும் அறுவடை முடிந்த கழனி மாதிரி காலியாகக் கிடந்தது. ஊர் உலகமே அந்த வெள்ளிக்கிழமைத் தாளைக் கிழித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டிருக்கிறது என்று புரிந்தது. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். இது பந்தியா படையா என்று நான் யோசிக்கவில்லை. பதினொன்றை எடுத்தேன்.

இதை வீரம் என்று யாரும் நினைக்கவேண்டாம். நான் ராகு காலம் பார்க்காதவள் இல்லை. இந்தக் கடையையே நல்ல நேரம் பார்த்துத்தான் திறந்தேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அண்ணன் என்னைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அந்தக் கப்பலில் ஏறவேண்டும். அதற்கு அவருக்கு மனசில்லையென்றால், அவர் ஏறி முடித்த பிறகு மிச்சம் மீதி மாதிரி நான் ஏறக்கூடாது. ராகு என்ன செய்வாரோ செய்துகொள்ளட்டும் என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை உறுவையாற்றில் என் வீட்டிலிருந்து விடிவதற்குள் கிளம்பி, பாண்டியில் சென்னை பஸ் பிடித்தேன். துறைமுகத்தில் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது, வாசலுக்கு அந்தப் பக்கம் மர நிழலில் அவர்களுடைய வாடகை வண்டி நின்றுகொண்டிருந்தது. கண்ணாடியெல்லாம் ஏற்றி, ஏசியைப் போட்டுக்கொண்டு, ராகு காலம் போகட்டும் என்று உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் முன் சீட்டில் கப்பல் கவிழ்ந்ததுபோல் கன்னத்தில் கைவைத்துக்கொண்டிருந்தார். இன்னும் ஏறவே இல்லை, அதற்குள் கவிழ்ந்துவிட்டது. நான் பெட்டியை இழுத்துக்கொண்டு அந்த வண்டியை ஒட்டியே நடந்தேன். அண்ணி என்னைப் பார்த்தாள். கண்ணாடி இறங்கவில்லை.

உள்ளே ஈ காக்காய் இல்லை. கவுன்டரில் இருந்த பெண் ஆதாரை வாங்கிப் பார்த்தாள், போட்டோ எடுத்தாள், அறைச் சாவி அட்டையைக் கொடுத்தாள். பெட்டி சோதனையும் நின்றது தெரியாமல் முடிந்துவிட்டது. இப்போதே கப்பலில் ஏறலாம் மேடம் என்றாள். கூட வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, சோதனையைத் தாண்டி இருந்த ஹாலில் உட்கார்ந்தேன். நடுவில் பெரிய கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் தெரிந்தது.

பன்னிரண்டு அடித்ததுதான் தாமதம். மல்லிகைப்பூவும் பட்டுச் சேலையும் தூக்க முடியாத பெட்டிகளுமாக, நல்ல நேரம் மொத்தமும் ஒரே வாசலில் நுழைந்தது. வரிசை மடங்கி மடங்கி வாசலுக்கு வெளியே வெயிலில் போய் நின்றது. இந்த அழகில் பெட்டி சோதிக்கிற மெஷின் வேறு நின்றுபோயிற்று. அண்ணனும் அண்ணியும் ஏறக்குறைய வால் பகுதியில் இருந்தார்கள். வண்டியை விட்டு இறங்கும்போதும் மணி பார்த்து இறங்கியிருப்பார்கள்.

அண்ணனுக்கு முட்டி வலி. ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார், பிறகு பெட்டியின்மேல் உட்காரப் பார்த்தார். அண்ணி நிமிடத்துக்கு ஒரு தரம் போனை எடுத்து மணி பார்த்தாள். நான் ஒரு காபி வாங்கிக்கொண்டு வந்து கண்ணாடிக்கு நேராக உட்கார்ந்து குடித்தேன். காவலுக்கு நின்ற ஆளிடம் சொல்லியிருந்தால் அண்ணனுக்கு ஒரு நாற்காலி போட்டிருப்பார். நான் சொல்லவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. எதற்கு மறைக்கவேண்டும்?

அவர்கள் சோதனைக்கு வந்து சேர்வதற்குள் மணி மூன்றைத் தாண்டிவிட்டது. அண்ணி அந்த வாசலிலேயே நின்றுவிட்டாள். "நாலரைக்கு மேல வரோம்பா" என்று கெஞ்சினாள். நாலு மணிக்குக் கதவை மூடிவிடுவோம் அம்மா என்றான் சோதனையில் நின்ற பையன். பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். எமகண்டத்தில் அடியெடுத்து வைத்து இருவரும் ஹாலுக்குள் வந்தார்கள்.

இந்த நிமிடத்துக்காகத்தான் காலையிலிருந்து காத்திருந்தேன். எழுந்து போய் எதிரே நின்றேன்.

"வாங்கண்ணி. எனக்குன்னு எடுத்து வச்ச நேரத்துல நீங்களே வந்துட்டீங்க."

அண்ணி பதிலுக்குப் பாய்வாள் என்று நினைத்தேன். அவள் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பன்னெண்டரைக்கு உன்னையும் சேத்துக்கினு வந்தா இன்னா கொறஞ்சிபூடும்னு நான் அப்பவே கேட்டேன்" என்றாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். "நீங்க சொல்றதெல்லாம் சொல்லிட்டு நவுந்துக்கறீங்க. நான் கெட்ட பேர் வாங்கிக்கினு திரியறேன். இப்பவாவது நீங்களே சொல்லுங்க."

அண்ணன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"அவள ஏன் ஏசற" என்றார். "நேரம் குறிச்சிக் குடுத்தது நான்தான்."

"மண்டபத்துல என்ன பின்னால அனுப்பனது?"

"அதுவும்தான்."

கேட்டுக்கொண்டு நின்றேன். இத்தனை வருடமாக அண்ணியின்மேல் வளர்த்த கோபத்தை அங்கேயே பெயர்த்து எடுத்து அவர்மேல் வைக்க வேண்டியிருந்தது. அவர் என் அண்ணன். அவர்மேல் வைக்கக் கை வரவில்லை.

"உம்மேல கோவம் ஒண்ணும் இல்லம்மா" என்றார் அண்ணன், என் தோளுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ பார்த்துக்கொண்டு. "உன் புருஷன் என் வயசு ஆளு. என்னாண்ட பேசிக்கினே வுழுந்தான். உன்ன பாத்தா எனக்கு அதான் தெரியுது. நல்ல காரியத்துல நீ எதுருல வந்தா அடுத்தது நான்தான்னு தோணுது. பயமா இருக்குது."

"செத்தது எம் புருஷன்ணா" என்றேன். "நான் தெனம் அந்த வூட்லதான் படுத்து எழுந்துக்கறேன். பயம் எனக்கில்லியா?"

கப்பலில் ஏறாதவர்கள் உடனே வரவேண்டும் என்று மைக்கில் சொன்னார்கள். அண்ணி எழுந்தாள். அண்ணன் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு தரம் தொண்டையைச் செருமினார். சின்ன வயசில் என்னிடம் எதையாவது கேட்டு வாங்கவேண்டுமென்றால் பேசுகிற அதே குரல்.

"நாங்க மொதல்ல ஏறிடறோம். நீ ஒரு அஞ்சு நிமிஷம் கழிச்சி வாம்மா."

இவ்வளவும் சொன்ன பிறகு இதையும் கேட்டார். சிறுவயதிலிருந்து பார்த்த முகம்தான். அன்றைக்கு அதைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். இவரிடம் கேட்டு வாங்க என்ன இருக்கிறது என்றும் தோன்றியது.

என் பெட்டியை எடுத்துக்கொண்டேன். "மூஞ்சிய பாக்க பயமா இருந்தா முதுக பாத்துக்கினு வாண்ணா" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

கப்பலுக்குப் போகிற பாலம் ஓர் ஆள் அகலம்தான் இருந்தது, முந்திக்கொள்ள இடமில்லை. நான் மெதுவாகவே ஏறினேன். எனக்குப் பின்னால் அண்ணி வந்தாள். அவளுக்கும் பின்னால் அண்ணன் வந்தார்.