ஆடியில் போட்ட ஆவணித் தேதி

ஒரு வெப் பக்கத்தையும் அதைக் காட்டும் பிரவுசரையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ஊர் ஊராகப் போய்க் கம்ப்யூட்டரில் இறக்கி வைப்பது என் பிழைப்பு. இதே பாடு படுகிறவர்களுக்குத் தெரியும்: செயலி ஓடினால் நம்மை ஒருவரும் நினைக்க மாட்டார்கள், நின்றால் சோற்றில் கை வைக்கும்போது போன் வரும். இதெல்லாம் உத்திரமேரூர்ப் பக்கம் ஓர் உழவர் குழு அலுவலகத்தில் நடந்தது. அந்தக் குழுவிடம் ஒரு நெல் அறுவடை வண்டி இருக்கிறது. எந்த வயலுக்கு எப்போது வண்டி என்று முறை போடுவதற்குத்தான் அந்தச் செயலி.

மூட்டையின் கனம்

அங்கே நெட் வரும், போகும். அதனால் இருநூறு எம்பி கனத்தில் இருந்த அந்த மூட்டையை, அதாவது இன்ஸ்டாலரை, பென் டிரைவில் போட்டு பைக்கில் எடுத்துப் போனேன். குழுவின் செயலாளர் ஏகாம்பரம், அறுபதைத் தாண்டியவர், அது ஏறி முடியும் வரை திரையில் நகர்ந்த பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை வருஷமும் முறையை நாற்பது பக்க நோட்டில் எழுதியவர். இந்த ஒரு பக்கத்தைக் காட்டுவதற்காகவே முழு பிரவுசர் ஒன்றை உள்ளே வைத்துத் தூக்கி வருகிறோம் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"தம்பி, ஒரு படி அரிசிக்கு மில்லையே பேத்துக்கினு வந்துகீற."

வெள்ளைத் திரை

செயலியைத் திறந்தால் வெள்ளையாக நின்றது. பழைய கம்ப்யூட்டர். உள்ளே இருக்கும் பிரவுசர் அதன் கிராபிக்ஸ் கார்டை வைத்துப் படம் வரையப் பார்க்கும், கார்டுக்கு வயசாகிவிட்டது, வராது. கார்டைத் தொடாதே என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க எனக்கு முக்கால் நாள் ஆனது. பதிவு போடும் வேலையில் இருந்த சரளா அதுவரை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இதுக்கு அந்தப் பழைய நோட்டே தேவலாம் சார், அதுல கோடாவது போட்டிருக்கும்."

திறப்பு விழா

அதெல்லாம் ஒத்திகை. நிஜப் பதிவு தொடங்க வேண்டிய நாள் ஆடியில் விழுந்தது. சொர்ணவாரி நெல் முற்றி நிற்கிறது, தள்ளிப் போட முடியாது. ஆடியில் புதிதாக எதையும் தொடங்கவும் கூடாது. ஏகாம்பரம் ஒரு வழி பார்த்திருந்தார். நான் போய்ச் சேரும்போது கம்ப்யூட்டரின் தேதியை ஆவணியில் ஒரு முகூர்த்த நாளுக்கு மாற்றி, மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடத்தோடு நின்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. இன்று ஒரு நாள்தானே, அப்படியே இருக்கட்டும் என்று நானே சொன்னேன். வாயை மூடிக்கொண்டு தேதியைத் திருப்பி மாற்றியிருக்கலாம்.

முதல் பதிவு திருப்புலிவனத்து அஞ்சலையுடையது. விடிந்ததுமே வந்து அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்தவர். கூலி வேலைக்குப் போகிறவர், அந்த வருஷம்தான் முதன்முறையாக ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். வருஷத்துக்கும் வீட்டுச் சோறு அந்த நெல்தான் என்று என்னிடமே சொன்னார். சூடம் காட்டி, எல்லோரும் பார்க்க அவர் பெயரைத் தட்டினார் சரளா. ஏகாம்பரம் வெற்றிலை பாக்குக் கொடுத்து அனுப்பினார்.

"மொத பேரு உன்னுது. மொத வண்டியும் உனுக்குத்தான், போ."

போனில் வைத்தியம்

நான் கிளம்பி வந்த கொஞ்ச நேரத்தில் சரளா கூப்பிட்டார். பதிவுகளைச் சேர்த்து வைக்கும் சர்வரோடு செயலி பேசவில்லை. எனக்குக் காரணம் கேட்காமலே தெரியும். உள்ளே இருக்கும் பிரவுசர் ஒரு சந்தேகப் பிராணி, தேதி பொருந்தாவிட்டால் சர்வரை நம்பாது. பூஜைதான் முடிந்ததே, தேதியைச் சரி செய்யுங்கள் என்றேன். உடனே ஓடியது. ஆனால் முறை வருவது பதிவான தேதிப்படி. அதற்குள் போட்ட ஒரே பெயர் ஆவணித் தேதியோடு உள்ளே உட்கார்ந்திருக்கும். இது செயலியை எழுதிய எனக்கே அப்போது தோன்றவில்லை.

"தொடாமலே சரியாப்பூடுச்சி சார். கைராசிக்காரரு நீங்க."

சுவரில் ஒட்டிய தாள்

மறுநாள் ஒட்டிய பட்டியலில் அஞ்சலை கடைசி. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் ஆடித் தேதியோடு அவருக்கு மேலே ஏறிக்கொண்டே போனார்கள். அவர் மூன்று முறை வந்து கேட்டிருக்கிறார். சரளா மட்டும் எனக்குப் போன் செய்து, அந்தம்மாதானே சார் முதலில் வந்தது என்று இழுத்தார். நான் வேறோர் ஊரில் வேறொரு வெள்ளைத் திரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். செயலி தப்புப் போடாது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஏகாம்பரம் அஞ்சலையிடம் சொன்னது இது:

"மிஷின் போட்ட லிஸ்ட்டும்மா. நான் கை வெச்சா நாளைக்கு ஆளாளுக்கு மாத்தச் சொல்லுவாங்க."

அஞ்சலையின் வயல்

அஞ்சலையின் முறை வருவதற்குள் மூன்று நாள் விடாமல் மழை. அது விட்ட பிறகுதான் சரளாவின் கேள்வி என்னை அரித்தது. பதிவுகளைத் திறந்து பார்த்தேன், ஒரே ஒரு ஆவணித் தேதி. அது அஞ்சலையுடையது. பைக்கை எடுத்துக்கொண்டு நேரே வயலுக்கே போனேன்.

பயிர் மொத்தமும் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. கதிரிலேயே நெல் முளைத்திருந்தது. அந்தச் சேற்றில் குழுவின் டயர் வண்டி இறங்காது. அஞ்சலையும் அவர் தங்கையும் அரிவாளோடு, தேறுகிற கதிராகப் பார்த்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். பாதிகூடத் தேறாது. வரப்பில் நின்றபடி நடந்ததைச் சொன்னேன். தேதியால் வந்தது, செயலி தப்பாக வரிசை போட்டுவிட்டது, தப்பு என்னுடையது என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"அதுக்கு இன்னா தெரியும் நைனா, அது பொட்டி. நான் மொதல்ல வந்து குந்திகினு இருந்தத நீங்க அத்தினி பேரும் கண்ணால பாத்தீங்களே, ஒருத்தராச்சும் வாயத் தொறந்தீங்களா?"

தேதியை நம்பாதே என்று அடுத்த பதிப்பில் செயலிக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன், பார்த்ததைச் சொல் என்று எங்களுக்குச் சொல்லித்தரும் இன்ஸ்டாலர்தான் எத்தனை எம்பி வரும் என்று தெரியவில்லை.