கை தவறியவர் அண்ணன் அல்ல

இந்த நினைவு மலரை வாங்கிப் பிரித்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அண்ணன் காலமாகி ஓராண்டு ஆகிறது. நான் இதுவரை அழவில்லை. சிலர் அதை என் காதுபடவே பேசினார்கள். மனம் மரத்துப்போய்க் கிடக்கிறது; அவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

அண்ணன் பிறந்தது மலைமேல் இருக்கும் நாகலூரில். அப்பாவுக்குக் கொஞ்சம் சாமைக் காடும் நாலு வரிசை காப்பிச் செடியும் இருந்தன. அப்பா இறந்தபோது அண்ணனுக்குப் பதினாறு வயது, எனக்கு எட்டு. என்னைப் படிக்க வைப்பதற்காக அவர் பாக்சைட் சுரங்கத்தில் கிரீஸ் போடும் வேலைக்குப் போனார். எழுபதுகளின் நடுவில் செயின் கிரேன் ஓட்டுநர் ஆனார். சக்கரம் இல்லாமல் இரும்புப் பட்டைகளில் நகரும் பெரிய கிரேன் அது. தனித்தனியாகக் கழற்றி, அடிவாரத்திலிருந்து லாரிகளில் ஏற்றி வந்து மேலே பூட்டினார்கள். எவ்வளவு கனத்தையும் அண்ணன் சத்தமில்லாமல் இறக்கிவைப்பார். வீட்டில் கோபம் வந்தால் மட்டும் தட்டை டங்கென்று வைப்பார்.

எண்பதுகளில் சுரங்கத்தின் பழைய கிரஷர் கட்டடத்தை, கல் உடைக்கும் இயந்திரம் இருந்த கட்டடத்தை, பிரிக்கும் வேலை வந்தது. அண்ணன் கிரேனில். அதே சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்த நான் கீழே நின்று கைச்சைகை காட்டுபவன். இரும்பு உத்தரங்களில் கம்பிக் கயிறு கட்டுபவர் மாரிமுத்து. கிரேனில் இருப்பவருக்கு எல்லா இடமும் தெரியாது. சைகை காட்டுபவனின் கையை நம்பித்தான் லீவரைத் தொடுவார். "நின்னா கல்லாட்ட நில்லு கண்ணு. தலை அரிச்சாலும் சொறியாத" என்று அண்ணன் தினமும் சொல்வார்.

அன்று காலை பனிமூட்டம். குளிர் தாங்காமல், தலையில் கட்டியிருந்த துண்டைக் காதுவரை இழுத்துவிடக் கையை உயர்த்தினேன். தூக்கச் சொல்கிறேன் என்று நினைத்து அண்ணன் லீவரைப் போட்டார். மாரிமுத்து இன்னும் கயிறு கட்டி முடிக்கவில்லை. உத்தரம் எழும்பிச் சுழன்று அவருடைய வலது காலைச் சுவரோடு நசுக்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

விசாரணையில் நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னார்: "சைகை வரலீங்க. நானாத்தான் தூக்கிப்போட்டனுங்க. தம்பி மேல ஒண்ணுமில்லீங்க."

நான் மறுக்கவில்லை. அண்ணனுக்கு வேலை போனது. சில வருடங்களில் கிரேனில் அவருடைய இருக்கையிலேயே நான் உட்கார்ந்தேன். அவர் காப்பிச் செடிகளுக்குத் திரும்பினார். அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு சொல் பேசவில்லை, நானும் பேசவில்லை. விசேஷ வீடுகளில் அண்டாவைத் தூக்க அவர் வந்தால், "ஏனுங்க, நீங்க தொடாதீங்க, யாரு காலாச்சும் போயிரும்" என்று நம் சொந்தக்காரர்களே கிண்டல் செய்தார்கள். அதைக் கேட்டுக்கொண்டே நானும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

சென்ற ஆண்டு நெஞ்சுவலி வந்து மூன்று நாள் சேலம் ஆஸ்பத்திரியில் இருந்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, நீ கெளம்பு சாமி" என்பதுதான் என்னிடம் கடைசியாகச் சொன்னது. நான் கிளம்பிவிட்டேன்.

காரியத்தன்று மாரிமுத்து ஊன்றுகோலோடு பஸ் ஏறி வந்தார். இவரிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தனியாக அழைத்துப் போனேன். அவர் முந்திக்கொண்டார்.

"நீங்க துண்ட இழுத்தத நான் பாத்தனுங்க. உங்கண்ணன்தான் ஆஸ்பத்திரிக்கு வந்து, 'தம்பிக்குக் கல்யாணம் வெச்சிருக்குது, சொல்லீராதீங்க'ன்னாருங்க. நொம்ப வருசமாச்சு, உடுங்க."

என்னால் விட முடியவில்லை. ஆகவே எல்லோரும் அறிய எழுதுகிறேன்: கை தவறியவன் நான். அண்ணனைக் கிண்டல் செய்தவர்கள் தயவுசெய்து இதை இரண்டு முறை படியுங்கள்.

அண்ணனை மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறக்கிக் கொண்டுபோன ஜீப் ஓட்டுநருக்கும், காரியத்துக்குச் சமைத்துப்போட்ட பங்காளிகளுக்கும், என்னால் காலை இழந்தும் அண்ணனுக்குக் கொடுத்த வாக்கைக் காத்த மாரிமுத்து அவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டார். "இத அவரு இருக்கறப்பவே சொல்லியிருக்கலாமுங்க, தம்பி" என்றார். அவர் சொன்னதையும் சேர்த்தே அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன்.