நசுங்காத எலுமிச்சம்பழம்

டாக்ஸி டிரைவர்களின் வாழ்க்கையைப் பற்றி ஒரு படம் வந்துவிட்டால் போதும், நைனா எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவரும் டாக்ஸி ஓட்டுகிறவர். அதனால் படம் பார்ப்பது என்றால் அவருக்குக் குறை கண்டுபிடிப்பது என்று பொருள். கதாநாயகன் கியரையே தொடாமல் மலை ஏறுவான், ரோட்டைப் பார்க்காமல் பின்சீட்டுக் கதாநாயகியைப் பார்த்துப் பாடுவான். நைனா தியேட்டர் அதிரச் சிரிப்பார். அம்மா அவர் தொடையில் கிள்ளுவாள்.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது பார்த்த படத்தில், மனைவி சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை டிரைவர் எடுத்து எறிந்துவிட்டு சவாரிக்குப் போனான். இடைவேளைக்குள் லாரி மோதிச் செத்தும் போனான். நைனா அதற்கும் சிரித்தார். அன்று அம்மா கிள்ளவில்லை.

மறுநாள் காலையில் நான் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு பழத்தை எடுத்துப் போய்க் காரின் முன்சக்கரத்துக்கு முன்னால் வைத்தேன். எங்கள் வீட்டில் ஆயுதபூஜைக்கு மட்டும்தான் அந்த வழக்கம். அம்மா பார்த்துவிட்டாள்.

"படத்தப் பாத்துட்டு வந்து இன்னாடி வேல இது? போய் குளி."

திட்டினாளே தவிர, பழத்தை எடுக்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் கட்டட வேலைக்காகக் காருக்கு முன்னால் ஜல்லி கொட்டி வைத்திருந்ததை நான் யோசிக்கவே இல்லை. நைனா வண்டியைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய்விட்டார். பழம் குண்டாக, ஒரு கீறல்கூட இல்லாமல் தரையில் கிடந்தது. படத்தில் செத்துப்போன டிரைவரை நினைத்துக்கொண்டே அதைக் கையில் எடுத்தேன்.

பழத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே பள்ளிக்கூடம் போய் வந்தேன். மாலையாகியும் நைனா வரவில்லை. போனோ ஸ்விட்ச் ஆஃப். சார்ஜ் தீர்ந்திருக்கும் என்றாள் அம்மா. சொல்லிவிட்டு மறுபடியும் போட்டுப் பார்த்தாள். அடுப்பில் சாதம் அடிப்பிடித்தது.

விளக்கு வைத்த பிறகு தெருமுனையில் எங்கள் ஹாரன் கேட்டது. ஓடிப்போய் நைனாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"தேர்வாய் கண்டிகைல கம்பெனி உள்ளயே வெயிட்டிங் போட்டுட்டானுங்க. போன ஆஃப் பண்ணி கேட்லயே வாங்கி வெச்சிக்கினானுங்க. அதுக்கா அழுவுற?"

பழத்தை எடுத்துக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். தியேட்டரில் சிரித்தது போலவே சிரித்தார். அதைப் பிழிந்து ஜூஸ் போடச் சொன்னார். அம்மா வெடுக்கென்று பிடுங்கித் தெருவில் எறிந்துவிட்டு, வேகமாகச் சமையலறைக்குள் போனாள். அப்பாடா, அன்று நைனாவின் தட்டிலிருந்து அடிப்பிடித்த சோற்றை எவ்வளவு ருசியாகச் சாப்பிட்டேன்!

மறுநாள் காலையில் காரின் சக்கரத்துக்கு முன்னால் ஒரு பழம் இருந்தது. பின்னாலும் ஒன்று இருந்தது. எனக்காக நைனாதான் வைத்திருக்கிறார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அன்று தியேட்டரில் என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து அம்மாவும் அதே படத்தைத்தான் பார்த்தாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.