ரீபாவின் ஞாயிற்றுக்கிழமை முகம்

பாளையங்கோட்டையில் கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிறவள் ரீபா. அவளை வெறும் முகத்தோடு பார்த்தவர்கள் வெகு சிலர்தான். பெற்ற தாய் சாலோமி டீச்சர் பார்த்திருக்கிறாள். கல்லூரிக்குப் போன நாளிலிருந்து வேறு யாரும் பார்க்க அவள் லேசில் விட்டதில்லை. பால்காரர் மணி அடித்தால்கூட, பூச்சு இல்லாமல் கதவைத் திறக்கமாட்டாள்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கன்னம் முழுக்கப் பருக்கள் கிளம்பின. வீட்டுக்கு வந்து போனவர்கள் எல்லாரும் வைத்தியர் ஆனார்கள். ஒருத்தி மஞ்சளை அப்பச் சொன்னாள், இன்னொருத்தி பற்பசையைத் தடவச் சொன்னாள், கிள்ளி எடுத்துவிடு என்றாள் மூன்றாவது ஒருத்தி. ரீபா எல்லாம் செய்தாள். பருக்கள் போயின. போகும்போது கன்னத்தைக் கொத்திய அம்மி மாதிரி ஆக்கிவிட்டுப் போயின. கூடப் படித்த பிள்ளைகளுக்கு அது போதுமே! பள்ளி முடிகிற வரைக்கும் அவளுக்கு அம்மி என்றுதான் பேர். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் இப்போது வாட்ஸப்பில் காலை தோறும் வேதவசனம் அனுப்புகிறார்கள்.

மறைக்கக் கற்றுக்கொண்டதுதான் அவளுக்குத் தொழிலாக வந்து அமைந்தது. எந்த நிறத்துக்கு எந்தப் பூச்சு, எந்த வெளிச்சத்தில் எவ்வளவு என்பதெல்லாம் சொந்த முகத்தில் பழகியது. ஆனால் பூச்சுக்கு நிறத்தைத்தான் மாற்றத் தெரியும், பள்ளத்தை நிரப்பத் தெரியாது. பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் ஒவ்வொரு குழியும் தனித்தனியாகத் தெரியும். நாங்குநேரியில் ஒரு கல்யாண வீட்டில், மண்டபத்துப் புழுக்கத்தில் அவள் பூச்சு கலைந்து வழிந்தது. பெண்ணின் தாயார் அவளைத் தனியே கூப்பிட்டு, மற்றவர் காதில் விழாதபடி பதவிசாகக் கேட்டாள்.

"ஒம் மூஞ்சியவே ஒன்னால சரிபண்ண முடியல. எம் பிள்ளைய எப்பிடிம்மா ஒங்கிட்ட விடுதது?"

ரீபா அந்தப் பெண்ணுக்குக் குறையில்லாமல் அலங்காரம் செய்து முடித்துவிட்டுத்தான் வந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் உட்காரவில்லை, ஜன்னலில் வெளிச்சம் இருந்தது.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. கேட்டால் சிரிப்பீர்கள். வருடத்துக்கு ஒருமுறை சொந்தக்காரர்கள் எல்லாரும் வேன் பிடித்துப் பாபநாசத்துக்குக் குளிக்கப் போவார்கள். ரீபாவும் போவாள். ஆற்றுப் படியில் குடையைப் பிடித்துக்கொண்டு, குளிக்கிறவர்களின் போனுக்கும் செருப்புக்கும் காவல் இருப்பாள். தாமிரபரணிக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவள், நாலு பேர் பார்க்க அந்த ஆற்றில் தலையை முக்கி எழுந்ததில்லை. ஒருநாள் முக்கி எழ வேண்டும், எழுந்து முகத்தைக் கையால் வழித்துவிட்டுக்கொண்டு எல்லாரையும் பார்த்துச் சிரிக்க வேண்டும். அவ்வளவுதான்.

அதற்காகத்தான் தோல் டாக்டரிடம் போனாள். அந்த அம்மாள் அவள் பூச்சைத் துடைக்கச் சொல்லி, விளக்கைச் சாய்த்துப் பிடித்து நிதானமாகப் பார்த்தார். ஆழமான பள்ளங்களுக்குள் ஃபில்லர் என்ற ஜெல்லை ஊசியால் செலுத்தினால் அவை மேலே எழும்பும், ஆனால் தோல் சொரசொரப்பாகவே இருக்கும். லேசர் தோலைச் சீராக்கும், ஆனால் அடிப்பள்ளத்துக்கு அது எட்டாது. அதனால் இரண்டையும் சேர்த்துச் செய்வோம், பல தடவை வர வேண்டியிருக்கும் என்றார். ஃபில்லர் ஒரு வருடம் போலத் தாங்கும், பிறகு கரைந்துவிடும் என்பதையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் விட ஒன்றை அழுத்திச் சொன்னார்.

"நம்ம நிறத்துக்கு லேசர் பட்ட தோல் சட்டுனு கறுத்துரும். நான் சொல்லுத வரைக்கும் வெயில்ல நிக்கக் கூடாது, அடுப்புப் பக்கமும் போகக் கூடாது. மேக்கப்பும் வேண்டாம். மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

ஃபில்லர் ஊசி போட்ட அன்று டாக்டர் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். இடது கன்னத்தில் பெரிய குழி ஒன்று உண்டு, இருட்டிலும் அவள் விரல் தானாகப் போய்த் தடவுகிற குழி. அதைக் காணவில்லை. வீக்கத்தையும் சிவப்பையும் அவள் பொருட்படுத்தவில்லை. நாற்காலியிலேயே அழுதாள். டாக்டர் சங்கடப்பட்டு வெளியே போய்விட்டு வந்தார்.

அடுத்தடுத்த லேசரில் முகம் தேறிக்கொண்டே வந்தது. சாலோமி டீச்சர் மகளைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள். சிகிச்சை விஷயத்தை மட்டும் வெளியில் மூச்சுவிடக் கூடாது என்று சொல்லியிருந்தாள். ஊசி, லேசர் என்று காதில் விழுந்தால் பிள்ளைக்கு என்னவோ வியாதி என்று கதை கட்டிவிடுவார்கள் என்பது அவள் பயம். பயம் நியாயமானதுதான், அவர்கள் சொந்தக்காரர்களை எனக்கும் தெரியும்.

மகளுக்கும் தெரியாத ஒரு காரியத்தை டீச்சர் செய்து வைத்திருந்தாள். கடைசி லேசர் முடிந்து பொருக்கெல்லாம் உதிர்ந்து, முகம் பச்சைப்பிள்ளை முகம்போல் வெளுத்துச் சிவந்திருந்த சமயம் அதைச் சொன்னாள். சொந்த ஊர் வேதக்கோயிலில் அந்த வாரம் அசனம். ஆராதனை முடிந்ததும் சாதி மதம் பார்க்காமல் ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து அது. பிள்ளையின் முகம் தேறினால், அவள் கையாலேயே அண்டாச் சோற்றை அள்ளிக் கொடுக்க வைக்கிறேன் என்று டீச்சர் ஆண்டவரிடம் பொருத்தனை பண்ணியிருந்தாள்.

டாக்டர் சொன்னதை ரீபா எடுத்துச் சொன்னாள்.

"சொகம் தந்தவரு ஆண்டவரு. அவரு வேலைக்கு நிக்கயில அவரு பாத்துக்கிட மாட்டாராட்டி?" என்றாள் டீச்சர்.

அம்மாவின் பிடிவாதத்தால்தான் ரீபா போனாள் என்று முடித்துவிட்டால் கதை சொல்லுகிறவனுக்குச் சௌகரியம். அது உண்மை இல்லை. பூச்சில்லாத முகத்தோடு, பட்டப்பகலில், அம்மி என்று கூப்பிட்டவர்களுக்கு முன்னால் நிற்க அவளுக்கும் ஆசை இருந்தது. எத்தனை வருடத்து ஆசை அது! ஒரு மதியம்தானே என்று நினைத்தாள். டாக்டர் கொடுத்த வெயில் கிரீமைத் தடவிக்கொண்டு கிளம்பினாள்.

ஆராதனையில், ஆண்டவர் செய்த நன்மையைச் சபைக்கு முன் சாட்சி சொல்ல டீச்சர் எழுந்தாள். ரீபா இதை எதிர்பார்க்கவில்லை. எத்தனையோ வருடமாக என் பிள்ளை முகத்தை மறைத்தே வாழ்ந்தாள், மனுஷரால் ஆகாததை ஆண்டவர் செய்தார், இதோ பாருங்கள் என்று மகளைக் கைகாட்டினாள். ஊசியைப் பற்றிப் பேச்சில்லை, லேசரைப் பற்றியும் இல்லை. சபை முழுவதும் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தது. பின்னாலிருந்து ஸ்தோத்திரம் என்று குரல்கள் வந்தன. ரீபா தலையைக் குனியவில்லை. பொய் என்று தெரிந்தும் அந்த நிமிடம் அவளுக்கு இனித்தது.

பிறகு உச்சி வெயிலில் அண்டாப் பக்கம் நின்றாள். ஒரு பக்கம் விறகடுப்பு, எதிரே சோற்றாவி. தடவிய கிரீம் வேர்வையோடு போய்விட்டது. பந்தியில் பரிமாறுகிற பழைய சிநேகிதிகள் சோற்றுக் கூடையை நீட்டிக்கொண்டு வந்தார்கள், பளபளன்னு இருக்கியே என்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். எரிச்சல் அப்போதே தொடங்கிவிட்டது. கடைசிப் பந்தி எழுகிற வரைக்கும் அவள் நகரவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே முகம் தீயாய்க் காந்தியது. போகப்போகக் கறுக்கத் தொடங்கியது. நெற்றியிலும் இரண்டு கன்னத்திலும் திட்டுத்திட்டாக, முன்பு குழியே இல்லாத இடத்திலும் கறுப்பு படர்ந்தது. டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கிரீம் மாற்றி எழுதினார், கறுப்பு மெல்ல மெல்லத்தான் குறையும், முழுதும் போகுமா என்று சொல்ல முடியாது, இப்போதைக்கு லேசரை நினைக்கவே வேண்டாம் என்றார். பூச்சு மட்டும் போடாதீங்க, தோலுக்கு மூச்சு விட எடம் குடுங்க என்று கெஞ்சுகிற மாதிரி சொன்னார்.

வீட்டுக்குள் அடைந்து கிடந்தாவது ரீபா அதைக் கேட்டிருப்பாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்ததே. அசனத்தன்று கேட்ட சாட்சி அதற்குள் பாளையங்கோட்டைச் சபை வரைக்கும் வந்துவிட்டது. தோல் நோயுள்ள பிள்ளைகளை வைத்திருந்த தாய்மார்கள் டீச்சரைத் தேடி வந்து, எங்களுக்காகவும் ஜெபியுங்கள் என்று கையைப் பிடித்தார்கள். டீச்சர் அவர்கள் தலையில் கைவைத்து ஜெபித்தாள். சொன்ன சாட்சியைத் திரும்ப வாங்க எந்தக் கோயிலிலும் வழி கிடையாது.

முதல் ஞாயிறு, ரீபா தானாகவே கண்ணாடி முன் உட்கார்ந்து பூச்சுப் பெட்டியைத் திறந்தாள். அம்மாவைப் பொய்க்காரி ஆக்க அவளுக்கு மனம் வரவில்லை. கறுப்பை மறைக்க முன்னைவிட இரட்டிப்பாகப் பூச வேண்டியிருந்தது. கோயிலில் எல்லாரும் அவள் முகத்தை மெச்சினார்கள். வீட்டுக்கு வந்து கழுவினால் தோல் காந்தும். பூச்சுக்கடியில் பழையபடி பருக்களும் தலைகாட்டின.

ஒரு வருடம் போயிற்று. டாக்டர் சொன்னபடியே ஃபில்லர் கரைந்தது, திரும்பப் போட அவள் போகவில்லை. இடது கன்னத்துக் குழி அதே இடத்தில் திரும்பி வந்தது, இப்போது உள்ளே கறுத்து. பாபநாசத்துக்கு வேன் கிளம்பியபோது ரீபாவும் போனாள். குடையைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். உனக்குத்தான் மூஞ்சி சரியாயிட்டே, எறங்கு என்று தண்ணீருக்குள்ளிருந்து எல்லாரும் கூப்பிட்டார்கள். சளி பிடித்திருக்கிறது என்றாள். இனி இந்த ஆற்றில் இறங்கப் போவதில்லை என்று அவளுக்கு அப்போது நிச்சயமாகத் தெரிந்தது. மடியில் இருந்த போன்களை ஒவ்வொன்றாக அடுக்கி வைத்தாள்.

அம்மாவும் மகளும் இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. டீச்சர் எல்லா நாளும் முழங்காலில் நிற்கிறாள், என்ன கேட்கிறாள் என்று தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் மணி அடித்தபோது ரீபா பூசி முடித்து எழுந்திருந்தாள். டீச்சர் வேதப்புத்தகத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு, மகளின் தாடையைப் பிடித்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள். பிறகு பெட்டியிலிருந்து பூசுகிற பஞ்சைத் தானே எடுத்து மகள் கையில் கொடுத்தாள்.

"இங்கன இன்னும் தெரியுது," என்றாள். "கொஞ்சம் கெட்டியாப் பூசுட்டி."

ரீபா மறுபடி கண்ணாடி முன் உட்கார்ந்தாள்.