நீல நகமும் பேசாத போனும்

என் கணவருக்கு வேறொரு பெண்ணோடு பழக்கம் இருக்கிறது என்று அந்த மாதங்களில் உறுதியாக நம்பினேன். சாயப்பட்டறை வேலை முடிந்து வந்தால் நேராக மாடி ஏறி வரமாட்டார். பாதிப் படியில் நின்று போனைக் காதில் வைத்துக்கொள்வார். கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால், வருகிறேன் என்று கையை மட்டும் காட்டுவார். அவர் குளிக்கப் போனதும் போனை எடுத்து நோண்டுவேன். அந்த நேரத்தில் அழைப்பு எதுவுமே இருக்காது. தடயமில்லாமல் அழிக்கிற அளவுக்குத் தேறிவிட்டார் என்று மறுபடியும் முதலிலிருந்து தேடுவேன்.

சந்தேகம் எனக்குப் பிழைப்பாக இருந்தது. பனியன் கம்பெனியில் பல வருடம் செக்கிங் பார்த்தவள் நான். நல்ல பீஸையும் எங்கேயோ ஓட்டை இருக்கும் என்று விரித்துப் பார்த்தால்தான் அங்கே பேர் வாங்க முடியும். கழுத்து வலி தாங்காமல் அதை விட்டுவிட்டு, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்சிங் அசிஸ்டென்ட் பயிற்சிக்குச் சேர்ந்தபோது அந்தக் குணமும் கூடவே வந்தது. பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் பிளாஸ்க்கைச் சாராயம் இருக்குமோ என்று மோந்து பார்த்தேன். "மாத்திரை போட்டாச்சுங்க" என்று சொன்னவரின் தலையணைக்கு அடியில் கைவிட்டேன். மாத்திரை அங்கேதான் இருந்தது.

பாடம் எடுத்த சிஸ்டருக்கு இதனாலேயே என்னைப் பிடிக்கும். பிபி, பல்ஸ் எல்லாம் முடிந்து ஒருநாள் விரலில் மாட்டும் கிளிப்பைக் கையில் கொடுத்தார். இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டுவது அது.

"இது நகத்து வழியா வெளிச்சம் உட்டுப் பாக்குதுங்க. நம்மூர்ல பாதிப் பேருக்குச் சாயக் கை. கம்மியாக் காட்டுச்சுன்னா மெசின உடனே நம்பீராதீங்க. நகத்துல படாம பக்கவாட்டுல திருப்பி மாட்டிப் பாருங்க. அப்பவும் கம்மின்னா, நின்னுட்டு இருக்காதீங்க, ஓடி வாங்க" என்றார். மெஷினையே சந்தேகப்படச் சொல்லும் ஒரு ஆள் கிடைத்ததில் எனக்கு ஏக சந்தோஷம்.

அடுத்த வாரம் வீரபாண்டிப் பக்கத்துச் சாயப்பட்டறையிலிருந்து ஒருவர் காய்ச்சலோடு தனியாக வந்தார். தெற்கத்திக்காரர். பத்து நகமும் நீலம். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டியது, கிளிப்பை மாட்டினால் எண்பத்தெட்டு என்றது.

"சாயந்தாம்மா அது. எங்க போனாலும் இப்பிடித்தான் காட்டும். ஒரு ஊசியப் போட்டு விட்டுருங்க, ஷிப்டுக்குப் போகணும்" என்றார். சொல்லை உடைத்து உடைத்துச் சொன்னார். படுக்கச் சொன்னாலும் படுக்கவில்லை. முழங்காலில் கையை ஊன்றிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். குடித்துவிட்டு வந்திருப்பாரோ என்று அருகே போய் மோந்து பார்த்தேன். சாய வாடைதான் அடித்தது. அந்த எண்ணைப் பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை.

"காய்ச்சல் எப்ப இருந்துங்க?" என்று கேட்டேன்.

ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டிவிட்டுப் போனை எடுத்துக் காதில் வைத்தார். ஹலோ சொல்லவில்லை. போனில் மணியும் அடித்திருக்கவில்லை. திரை இருட்டாக இருந்தது. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. அந்த ஏற்ற இறக்கம் எனக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் எங்கள் படிக்கட்டில் என் கணவரிடம் பார்க்கிறேன்.

கிளிப்பைப் பக்கவாட்டில் திருப்பி மாட்டினேன். அப்போதும் எண்பத்தெட்டுதான். ஓடினேன்.

சிஸ்டர் வந்து முகத்தில் மாஸ்க்கை மாட்டி ஆக்சிஜனைத் திறந்தார். டாக்டர் வந்து நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது என்றார். கொஞ்சம் தெளிந்த பிறகு, போன் எதற்கு என்று அந்தக் காய்ச்சல்காரரிடம் கேட்டேன்.

"மூச்சு வாங்குறதப் பாத்தா சூப்பர்வைசர் வேலையவிட்டு நிப்பாட்டிருவாரும்மா. போன்ல பேசுறவன யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாக."

அன்று நேரத்தோடு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். என் கணவர் பாதிப் படியில் நின்றார். போன் காதுக்குப் போனது. நான் இறங்கிப் போனேன். வழக்கம்போலக் கையைக் காட்டினார். நகத்தில் நீலம் படிந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு போனை மெல்ல வாங்கினேன். திரை இருட்டாகத்தான் இருந்தது.

அவர் வாயைத் திறந்தார். மூச்சுதான் இரைத்தது.

"பேச வேண்டாங்க. மொதல்ல உக்காருங்க" என்றேன்.

இருவரும் படியிலேயே உட்கார்ந்தோம். மூச்சு கொஞ்சம் அடங்கியதும், "உனக்கு எப்புடிப் புள்ள தெரிஞ்சுது?" என்று கேட்டார். நான் அவர் மூச்சையே கவனித்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் நான் திட்டித் தீர்த்த அந்தப் பெண் நிஜமாகவே இருந்திருக்கக் கூடாதா என்று மனதார ஆசைப்பட்டேன்.