ஜாக்கெட் கொக்கி வைத்த புத்தகம்

என் மேசையில் இருக்கும் சின்னப் புத்தகத்தின் அட்டையில் பெயரும் இல்லை, படமும் இல்லை. வெறும் வெள்ளை. ஓரத்தில் ஒரு ஜாக்கெட் கொக்கியும், அது மாட்டிக்கொள்ள நூலால் ஒரு வளையமும் உண்டு. வீட்டுக்கு வருகிறவர்கள் அலமாரியில் நான் பார்த்துப் பார்த்து அடுக்கியிருக்கும் புத்தகங்களைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நேராக வந்து இந்தக் கொக்கியைத்தான் கழற்றுகிறார்கள். கழற்றிய கையோடு ஒரு ‘ஐயோ’ வரும். அதைக் கேட்டால் எனக்குச் சித்தியின் ஞாபகம் வந்துவிடும்.

சித்தி ஸ்ரீரங்கத்தில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவர். கல்லூரி முடித்த கையோடு நான் தில்லை நகரில் கிராஃபிக் டிசைன் வகுப்பில் சேரப் போனபோது துணைக்கு என்று கூட வந்தார். வந்தவர் எனக்கு முன்னால் தன் பெயரைக் கொடுத்துச் சேர்ந்துவிட்டார். வகுப்பில் எல்லோருக்கும் அவர் ஆன்ட்டி. எனக்கோ முதல் வாரம் முழுக்கத் தர்மசங்கடம். “உங்களுக்கு எதுக்கு சித்தி இதெல்லாம்?” என்று கேட்டே விட்டேன். “நான் தைக்கிறதெல்லாம் முந்தானைக்குள்ள போயிடுதுடி. யார் கண்ணுக்குத் தெரியுது? ஊரே பார்க்கிற மாதிரி ஒண்ணு பண்ணணும்” என்றார். 

வகுப்பு முடியும்போது ஆளுக்கொரு சிறு புத்தகம் வடிவமைத்து, அச்சடித்து, கட்டி, கண்காட்சியில் வைக்க வேண்டும். பக்கத்துத் தெரு அச்சகத்துக்காரர் டிசைன் வேலைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். கண்காட்சியைப் பார்த்து ஒருவரை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அந்த வேலை தனக்குத்தான் என்று சித்தி முடிவே கட்டிவிட்டார். அவர் எடுத்துக்கொண்ட விஷயம், வீட்டு வாசல்களில் தொங்கும் ‘நாய்கள் ஜாக்கிரதை’ பலகைகள். என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து தெருத்தெருவாகப் படம் பிடித்தார். பாதி வீடுகளில் பலகை இருந்ததே தவிர நாய் இல்லை. கடைசியில் கைலாசபுரத்தில் ஒரு வீட்டுப் பலகைக்கு நேர் கீழே செவலை நாய் ஒன்று படுத்திருந்தது. சித்தி குனிந்து படம் எடுத்த நேரம் பார்த்து அது கொட்டாவி விட்டது. படத்திலோ கடித்துக் குதறப் பாய்வது போல் வந்தது. சித்திக்குத் தலைகால் புரியவில்லை. அட்டையின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும் அதையே போட்டார்.

கண்காட்சி அன்று காலையில்தான் தாள்கள் அச்சாகிச் சூடாகக் கைக்கு வந்தன. வகுப்பில் இருந்த ஒரே நீள ஸ்டேப்ளருக்கு வரிசை நின்றது. “வீட்ல மெஷின் சும்மா கிடக்குது, நான் போய் இந்தப் பின்னுக்கு நிக்கணுமா?” என்று என்னை ஸ்ரீரங்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அட்டையை விரித்து, அதன்மேல் தாள்களை அடுக்கி, நடுக்கோட்டில் மெஷினை ஓட்டினார். தையல் ரயில் தண்டவாளம் போல நேராக விழுந்தது. மடித்துப் பார்த்தால் வெளியே வெள்ளை.

“நாய் எங்கடி?” என்றார் சித்தி.

நாய் உள்ளே இருந்தது. துணியில் நல்ல பக்கத்தை உள்ளே வைத்துத் தைத்துவிட்டு, அப்புறம் திருப்பிப்போடுவதுதானே வழக்கம். இருபது வருஷப் பழக்கத்தில் கை தானாக அட்டையின் நல்ல பக்கத்தை உள்ளே வைத்துவிட்டது. புத்தகத்தைத் திருப்பிப்போட முடியுமா? தையலைப் பிரித்தால் ஊசித் துளை வழியே தாள் கிழியும். திரும்ப அச்சடிக்க நேரமில்லை. “இதுவும் உள்ளயே போயிடுச்சு பாரு” என்று சொல்லும்போது சித்தியின் குரல் உடைந்தது. எனக்கும் அழுகை வந்தது.

அவர் அந்த வெள்ளை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கொக்கி டப்பாவை எடுத்தார்.

“என்ன சித்தி பண்றீங்க?”

“வெள்ளையடிச்ச காம்பவுண்ட் சுவர் மாதிரி இல்ல? கேட்டுக்குக் கொக்கி வைக்கிறேன்.”

கண்காட்சியில் அச்சகத்துக்காரர் பளபளப்பான அட்டைகளை எல்லாம் பார்த்துக்கொண்டே வந்தார். சித்தியின் புத்தகத்தின் முன் நின்றார். கொக்கியைக் கழற்றித் திறந்தவர், “ஐயோ!” என்று கையை இழுத்துக்கொண்டார். பிறகு ஒரே சிரிப்பு. மூடினார், மறுபடி திறந்தார். யார் செய்தது என்று கேட்டபோது சித்திக்குப் பொய் வரவில்லை.

“நான்தாங்க. அட்டையை மாத்தி வச்சுத் தைச்சிட்டேன்.”

“அதை வெளிய சொல்லாதீங்க. திங்கக்கிழமை வேலைக்கு வந்துடுங்க.”

வேலைக்குப் போன முதல் நாளே சித்தி அந்தப் புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டார். இன்று சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்றால் போதும், சித்தி வடிவமைத்த துணிக்கடைப் பைகள் கைக்குக் கை போகும். அதைப் பார்க்கும்போது எனக்குப் பெருமை தாங்காது. போன மாதம் என் வீட்டுக்கு வந்தவர், வளையம் நைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு புதிதாகப் போட உட்கார்ந்தார்.

“இப்பத்தான் உங்க வேலையை ஊரே பார்க்குதே சித்தி. இது மேலயும் இன்னொரு அட்டை போட்டு நாயை வெளிய விட்டுடலாமா?” என்றேன்.

சித்தி நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார். “வேணாம்டி. அது உள்ளயே இருக்கட்டும். பார்க்கணும்னா திறந்து பார்க்கட்டும்” என்று கொக்கியை மாட்டி மேசையில் வைத்தார்.

அவர் அடுப்படிப் பக்கம் போனதும் நான் கழற்றினேன். எத்தனையோ தடவை பார்த்த நாய்தான். இருந்தும் கை கொஞ்சம் பின்வாங்கியது.